கிளன்மோர் தோட்டத்து மச்சம்

என் கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் பல பேர் உண்டு. முடி வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழுவார்கள். நான் கத்தரியைத் தொடுவதற்கு முன்பே அழுதவள் ஷர்மினி ஒருத்திதான்.

“கோலின் அண்ணே, துளசியக்கா மேல இருக்காங்களா?”

“இருக்கா. நீ மொதல்ல உக்காரு. கோப்பி சொல்றேன். என்னா சூசா, என்னா கஷ்டம்?”

லகாட் கடைத்தெருவில் கீழே என் முடிதிருத்தும் கடை, மேலே துளசியின் துப்பறியும் நிலையம். மாடிப்படி என் கடைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது. கட்டியவன் செய்த கோளாறு அது, என்னைச் சொல்லிக் குற்றமில்லை. துளசியைத் தேடி வரும் எந்தத் துக்கமும் என் காதைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

இந்தத் துக்கம் எனக்கு முக்கால்வாசி தெரிந்ததுதான். ஷர்மினிக்கும் கமுந்திங் தீபனுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். பெண்ணுக்கு அம்மா மாரியம்மா, மாப்பிள்ளைக்கு அம்மா நல்லம்மாள். இரண்டு பேரும் கிளன்மோர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் மரம் சீவி, ஒரே சீப்பில் தலை வாரிக்கொண்டவர்கள். சிநேகிதிகள் சம்பந்தி ஆகிறார்கள் என்று ஊரே வாயைப் பிளந்தது. பிளந்த வாயை மூடுவதற்குள் ஈப்போவில் ஒரு கண்காட்சி திறந்துவிட்டார்கள்.

லூர்துசாமி என்று ஒரு படக்காரர். எண்பதுகளில் மோட்டார் சைக்கிளில் பேராக் தோட்டங்களையெல்லாம் சுற்றி, பால் மரம் வெட்டுகிறவர்களைப் படம் பிடித்தவர். அந்தப் படங்கள் இப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கின்றன. நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: தலைத்துண்டு கட்டிய ஒரு தோட்டத்துப் பெண், மரத்தின் மேல் கத்தியை வைத்தபடி, கண் வரை துண்டை இறக்கிவிட்டுச் சிரிக்கிறாள். அடியில் எழுதியிருப்பது: ‘பெயர் தெரியாத பெண், கிளன்மோர், 1987’.

அது நான்தான் என்றார் நல்லம்மாள். அது நான்தான் என்றார் மாரியம்மா. போயிற்று.

“இன்னைக்கு நாலு மணிக்கு நிறைவு விழாண்ணே. மேடையில அந்தப் பொண்ணு பேரச் சொல்லி மாலை போடப் போறாங்களாம்,” என்றாள் ஷர்மினி. “அத்த பேரச் சொன்னா அம்மா கல்யாணத்த நிறுத்திருவாங்க. அம்மா பேரச் சொன்னா அத்த நிறுத்திருவாங்க. எங்கம்மா நிச்சயத் தட்டெல்லாம் துணி கட்டி காடியில ஏத்தி வச்சிருக்காங்க. அங்கயே திருப்பிக் குடுக்கவாம்.”

“உங்கப்பா என்னா சொல்றாரு?”

படியில் துளசி நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கினாளோ தெரியாது. முன்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், கை ஒடிந்ததாகப் பொய் சொல்பவர்கள் பூப்பந்து ஆடும்போது பின்னால் போய் நிற்கும் வேலை பார்த்தவள். சத்தமில்லாமல் வருவது அந்தப் பழக்கம்.

“அப்பா வாயே தொறக்கல அக்கா. ஒரு தடவ வந்து பாருங்கன்னு கூப்பிட்டாக்கூட உள்ள வர மாட்டேங்குறாரு. காடியிலயே உக்காந்திருக்காரு.”

“அவருக்கு இப்ப நேரம் சரியில்ல,” என்றேன் நான். “மக கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு முனியாண்டிக்கு நேந்துக்கிட்டு, போன ஞாயித்துக்கெழம என்னையத்தான் கூட்டிப் போனாரு மொட்டை போட. முனியாண்டி கோவிலுக்குக் கிறிஸ்தவக் கத்தியான்னு கேட்டேன். சாமிக்கு மதம் தெரியாது, கத்தியில கூர் இருக்கான்னுதான் பாக்கும்ன்னாரு. தலைய வழிச்சு முடிச்சு மீசைக்கு வந்தேன், கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. மீசையும் சேத்து எடுக்கணும்னு ரெண்டு மாசமா அவரேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. மொட்டத் தலையும் முரட்டு மீசையுமா இப்ப பாக்க ஜெயிலர் மாதிரி இருக்காரு.”

ஷர்மினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். துளசி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் நகைச்சுவை தோற்றது என்று அர்த்தமில்லை, எங்கோ குறித்துக்கொண்டாள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆயிற்று.

“அண்ணே, காடிய எடுங்க.”

கதவில் ‘இதோ வந்துவிடுவேன்’ என்ற பலகையை மாட்டினேன். பொய் சொல்லிச் சொல்லியே சாயம் போன பலகை.

*

கண்காட்சி ஈப்போ பழைய டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில். வாசலில் ஷர்மினியின் அப்பா பத்துமலையின் காடி நின்றது. அவர் உள்ளே தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் தட்டுகள், பூவும் பழமுமாக, பிரயாணத்துக்குத் தயாராக.

“வாங்கண்ணே, மேல போலாம்,” என்றேன்.

“நீங்க போங்க லா. எனக்குப் படி ஏறுனா மூச்சு வாங்குது.”

போன ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி கோவில் மேட்டை என்னைவிட வேகமாக ஏறினவர்.

மேலே, அந்தப் பெரிய படத்துக்கு இடது பக்கம் நல்லம்மாள், வலது பக்கம் மாரியம்மா. கோவில் வாசலில் துவாரபாலகர்கள் நிற்பதுபோல நின்றார்கள். கண்காட்சி திறந்த நாளிலிருந்து இதுதானாம் ஏற்பாடு. படம் பார்க்க வருகிறவர்கள் முதலில் இவர்கள் இருவருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் படத்துக்குப் போகமுடியும்.

“வாம்மா துளசி,” என்றார் நல்லம்மாள். “இந்தப் படத்துல மேலுதட்டுக்கு மேல மச்சம் தெரியுதா? எந்தப் பக்கம்?”

“இடது பக்கம் ஆன்ட்டி.”

“என் மூஞ்சியப் பாரு. எந்தப் பக்கம்?”

இடது பக்கமேதான். பட்டாணி அளவில், கறுப்பாக, மறுக்கமுடியாதபடி.

“அது மச்சமே இல்ல,” என்றார் மாரியம்மா. “ஈ. தோட்டத்துல ஈ இருக்காதா? சம்பந்தியம்மாவுக்குத் தோட்டம் மறந்துருச்சு, கமுந்திங்ல கையுறை பாக்டரி ஏர்கான்ல இருந்து இருந்து.”

“ஈ சிரிக்கிற வாயில வந்து போஸ் குடுக்குமா, சம்பந்தியம்மா?”

அந்தச் ‘சம்பந்தியம்மா’ என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொன்ன விதம் இருக்கிறதே, கல்லைத் துணியில் சுற்றி எறிவது மாதிரி.

“சட்டையப் பாருங்க துளசி,” என்று மாரியம்மா படத்தில் விரலை வைத்தார். “முழங்கையில ஒட்டு போட்டிருக்கா? இதய வடிவத்துல. நான் தைச்சது. எங்க வீட்டுக் குடும்பத் தையல். பதினெட்டு வயசுல வேற எவ அப்படி வெட்டி ஒட்டுவா?”

“இதய வடிவம் சரி,” என்று நல்லம்மாள் விடவில்லை. “உன் சட்டையில ஒட்டு வலது முழங்கையில. தினமும் அத பாத்துக்கிட்டே உன் பின்னால நடந்தவ நான். படத்துல இருக்கிறது இடது முழங்கை. என்னைப் பாத்து எவளோ காப்பியடிச்சிருக்கான்னு நான் சொல்லலாமா? சொல்லல. நான் மரியாத தெரிஞ்சவ.”

துளசி படத்துக்கு மிக அருகில் போனாள். “நல்லம்மா ஆன்ட்டி, நீங்க இடது கைப் பழக்கமா?”

“இல்லையே.”

“படத்துல கத்தி இடது கையில இருக்கு.”

நல்லம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. “அந்தக் காலத்துல எனக்கு ரெண்டு கையும் வேல செய்யும்.”

“ரெண்டு காலுந்தான் செஞ்சுச்சு, வேலைக்கு வராம ஓடுறதுக்கு,” என்றார் மாரியம்மா.

லூர்துசாமி அப்போதுதான் வந்தார். எழுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, தோளிலிருந்து கால்சட்டையைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள். படத்தைப் பற்றி நாளிதழில் வந்த பாராட்டைப் பெரிதாக அச்சடித்துப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். அதை நான் உரக்கப் படித்தேன்: “‘கன்னிப் பெண்ணின் நாணம் அந்த உதட்டோரத்தில் தயங்கி நிற்கிறது.’ எழுதுனவரு நல்லா சாப்பிட்டுட்டு எழுதியிருக்காரு.”

“சார், பேரு ஏன் எழுதி வைக்கல?” என்று கேட்டாள் துளசி.

“கேட்டேன்மா. அந்தக் குறை எனக்கும் உண்டு, மத்த எல்லாப் படத்துலயும் நான் பேரு கேக்கல. ஆனா இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் கேட்டேன். ‘தங்கச்சி, பேரு என்ன?’ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டேன். பதிலே இல்ல. வாய மூடிச் சிரிச்சுக்கிட்டே அடுத்த மரத்துக்கு ஓடிருச்சு. அப்படி ஒரு வெக்கம்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்குத் தீர்ப்பு சொல்லப் பிரியமில்ல. ஆனா மச்சம்னா மச்சம்தான். நாலு மணிக்கு நல்லம்மாள் பேரச் சொல்லிருவேன்.”

நல்லம்மாள் மாலைக்காகக் கழுத்தை இப்போதே கொஞ்சம் நீட்டினார். மாரியம்மா கைப்பையிலிருந்து காடிச் சாவியை எடுத்தார். மூலையில் நின்ற ஷர்மினி எங்களைப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன். எனக்கும் மகள்கள் உண்டு.

துளசி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அண்ணே, ரப்பர் மரம் எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“இவ்வளவு நேரமா எல்லாரும் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கோம். படத்துல பாதி மரம்.”

*

கிளன்மோர் தோட்டம் இப்போது தோட்டமில்லை. முன்பாதி வரிசை வீடுகள், பின்பாதி செம்பனை. லயம் இருந்த இடத்தில் காடி கழுவும் கடை. மிச்சம் இருப்பது முனியாண்டி கோவிலும் அதற்குப் பின்னால் நிற்கிற கொஞ்சம் ரப்பர் மரங்களும்தான். சாமி கோவித்துக்கொள்ளும் என்று எந்தக் குத்தகைக்காரனும் அவற்றில் கை வைக்கவில்லை. போன வாரம் பத்துமலையின் முடி விழுந்த இடம் இன்னும் அப்படியே இருந்தது. காற்றுகூட எடுத்துப் போக விரும்பாத முடி.

துளசி கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, ஒரு மரத்தடியில் நின்றாள். பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, சாய்கோடு போட்ட பள்ளிக்கூடப் பலகை மாதிரி.

“அண்ணே, இந்த மரத்தப் பாருங்க.”

“பாத்தேன். மரம் மாதிரியேதான் இருக்கு.”

“வெட்டு எப்படி இறங்குது?”

“இடது பக்கம் மேல ஆரம்பிச்சு, வலது பக்கம் கீழ. பால் வழிஞ்சு மங்குக் கிண்ணத்துல விழுற மாதிரி.”

“அந்த மரம்?”

“அதேதான்.”

“அங்க சாஞ்சு நிக்குதே, அது?”

நான் சுற்றி வந்தேன். எல்லாம் அதே சாய்வு. ஒரு மரம்கூடத் தப்பவில்லை.

“எங்கப்பாவும் மரம் சீவுனவருதான்,” என்றாள் துளசி. “எந்தத் தோட்டமா இருந்தாலும் வெட்டு இப்படித்தான். அப்பதான் பால் நல்லா எறங்கும். மாத்தி வெட்டுனா கங்காணி கத்திய வாங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிருவாரு. இப்ப இதப் பாருங்க.”

கைப்பேசியை மரத்தோடு ஒட்டிப் பிடித்தாள். படத்தில் இருந்த மரத்தில் வெட்டு வலது மேலிருந்து இடது கீழே இறங்கியது.

“ஒரு மரம் மட்டும் கட்சி மாறியிருக்குமோ?” என்றேன்.

“மரம் மாறல. படம் மாறியிருக்கு. பிலிம்ம திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்துட்டாரு. இடது வலதாயிருச்சு, வலது இடதாயிருச்சு.”

இதை எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே தொழில் செய்கிறவன் நான். வாடிக்கையாளர் கண்ணாடியில் ஒரு கிருதாவைக் காட்டி இன்னும் கொஞ்சம் குறை என்பார். தொழிலுக்கு வந்த புதிதில் மற்றக் கிருதாவைக் குறைத்துவிட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

ஆயிரக்கணக்கான மரத்தைச் சீவிய இரண்டு பேர் தினமும் அந்தப் படத்தின் இரு பக்கமும் நின்றிருக்கிறார்கள். ஒருத்தர்கூட மரத்தைப் பார்க்கவில்லை. தன் முகம் தேடுகிற அவசரம் அப்படி.

“அப்படின்னா கத்தி வலது கையில,” என்று நான் துள்ளினேன். “சட்டையில ஒட்டு வலது முழங்கையில. அது மாரியம்மா அக்கா சட்டை. அக்கா ஜெயிச்சுட்டாங்க. தட்ட எறக்கச் சொல்லு.”

“மச்சம்?”

“மச்சமும் வலது பக்கம் போயிருச்சு. நல்லம்மா அக்கா அவுட்.”

“மாரியம்மா ஆன்ட்டிக்கு வலது பக்கம் மச்சம் இருக்கா?”

நான் துள்ளுவதை நிறுத்தினேன். மாரியம்மாவின் முகத்தில் எந்தப் பக்கமும் மச்சம் கிடையாது. கோபம் மட்டும்தான் உண்டு.

“ஈ?” என்றேன், மெதுவாக.

“ஈ இல்லண்ணே. சட்ட மாரியம்மா ஆன்ட்டியோடது, மூஞ்சி வேற யாரோடதோ. இன்னொண்ணு. பேரு கேட்டா பதில் சொல்லாம, வாய மூடிக்கிட்டு ஓடுன பொண்ணு. நல்லம்மா ஆன்ட்டி பேசாம இருப்பாங்களா?”

“பொணமாப் படுத்தாலும் பேசுவாங்க.”

“மாரியம்மா ஆன்ட்டி?”

“அவங்க பொணத்தையே பேச வைப்பாங்க.”

“அப்ப அந்த ஆளுக்கு வாயத் தொறந்தா ஆபத்து. கொரல் காட்டிக் குடுத்துரும்.” துளசி கோவில் வாசல் பக்கம் திரும்பி, தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள். “போன ஞாயித்துக்கெழம, இதே எடத்துல, மீசைய எடுக்க விடாம ஒங்க கையப் புடிச்சாரே. படம் பேப்பர்ல வந்தது அதுக்கு முந்தியா, பிந்தியா?”

“முந்தி,” என்றேன். சொல்லும்போதே என் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நோயாளிகளுக்கு வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்வதற்காக காடியில் எப்போதும் ஒரு பை வைத்திருப்பேன். என் கால் தானாக அந்தப் பக்கம் நடந்தது.

*

ஈப்போவுக்குத் திரும்பியதும் துளசி பத்துமலையின் காடியில் முன் இருக்கையில் ஏறினாள். நான் பின்னால், தட்டுகளுக்கு நடுவே, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

“அங்கிள், படம் திரும்பியிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம்,” என்றாள் அவள்.

பத்துமலை நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் மீசைக்குப் போனது. இருபத்தேழு வருஷம் நகராட்சி லாரி ஓட்டிய கை.

“ஊரே சிரிக்கும்மா,” என்றார். “கன்னிப் பெண்ணின் நாணம்னு வேற எழுதிட்டான்.”

“சிரிக்கும்,” என்றாள் துளசி. “ஒரு வாரம் சிரிக்கும்.”

“ஒரு மாசம்,” என்றேன் நான் நேர்மையாக. “என் கடையில ஒரு மாசம் ஓடும்.”

“மேல ஷர்மினி நிக்குறா அங்கிள். நாலு மணிக்கு இந்தத் தட்டெல்லாம் மேல போகும்.”

அவர் கண்ணாடியில் தட்டுகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தார்.

“கோலினு, கத்தியில கூர் இருக்கா?”

*

நான் எத்தனையோ இடத்தில் சவரம் செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மாப்பிள்ளை மணவறைக்குப் போகும் வழியில், ஒரு தடவை ஓடும் ரயிலில். கண்காட்சி மேடையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், மாலைத் தட்டுக்கு எதிரில் செய்தது இதுதான் முதல் தடவை.

“என்னாங்க இது, இந்த மனுசனுக்குப் பைத்தியமா?” என்று மாரியம்மா எழுந்தார்.

“உக்காருங்க ஆன்ட்டி,” என்றாள் துளசி. எல்லோரையும் படத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள். என் பையிலிருந்து, பின்னந்தலையைக் காட்டும் கைக்கண்ணாடியை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். “இதுக்குள்ள பாருங்க. மரத்த மட்டும். வெட்டு எந்தப் பக்கம் எறங்குது?”

இரண்டு துவாரபாலகர்களும் ஒரே கண்ணாடிக்குள் தலையை நீட்டினார்கள். முதலில் கண்டுபிடித்தது நல்லம்மாள்தான்.

“அடிப்பாவி. இதுதான் சரியான வெட்டு.” திரும்பிச் சுவரைப் பார்த்தார். “அப்ப அது என்னா, பைத்தியக்கார வெட்டா?”

“நாப்பது வருஷமா இது என் படம்,” என்று லூர்துசாமி எழுந்தார். “எனக்குத் தெரியாதா?”

“உங்க பிலிம் இங்கதான் சார் இருக்கு.” படத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழையில் அந்தப் பிலிம் துண்டையும் காட்சிக்கு வைத்திருந்தார்கள். துளசி அதன் ஓரத்து எண்களைக் காட்டினாள். “எண்ணு நேராப் படிக்க முடியுது. ஆள் பாக்குறது வலது பக்கம். சுவத்துல ஆள் பாக்குறது இடது பக்கம்.”

லூர்துசாமி குனிந்தார். நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு நாணம் பற்றிய அந்தப் பாராட்டு அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் நுரையைத் துடைத்தேன். பத்துமலையின் மேலுதட்டுக்கு மேலே, வலது பக்கம், மிளகு மாதிரி ஒரு மச்சம். துளசி அவரைத் திருப்பி நிறுத்தி, தலையில் ஒரு துண்டைக் கட்டி, கண்ணாடியைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கண்ணாடிக்குள் கிளன்மோர் கன்னிப் பெண். கண்ணாடிக்கு வெளியே ஐம்பத்தெட்டு வயது லாரிக்காரர். அதே உதடு, அதே கன்னம்.

“அப்பாவுக்கு மச்சம் இருக்கா?” என்றாள் ஷர்மினி.

“எனக்கே மறந்து போச்சுடி,” என்றார் மாரியம்மா. “கல்யாணத்துக்கு வச்ச மீசை. அதுக்கப்புறம் அந்த எடத்த எவ பாத்தா?”

“அன்னைக்கு உன் பேர எழுதுறதுக்கு ஆள் இல்லாமப் போயிரும்னு நாந்தான் கொடியில காஞ்ச உன் சட்டையப் போட்டுக்கிட்டுப் பெரட்டுக்குப் போனேன்,” என்றார் பத்துமலை. விடிவதற்கு முன் கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கிற இடம் அது. பெரட்டில் இல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. “எனக்கு ஸ்டோர்ல மத்தியானம்தான் வேல. இருட்டு. எல்லாரும் தலைத்துண்டு. கங்காணி ‘மாரியம்மா’ன்னாரு. இருமுனேன். விட்டுட்டாரு. விடிஞ்சு உன் நிரையில மரம் சீவிக்கிட்டிருக்கேன், இவரு வந்து ‘தங்கச்சி, கொஞ்சம் சிரி’ங்குறாரு. சிரிப்ப அடக்க முடியல. வாயத் தொறந்தா செத்தேன்.”

“எதுக்கு எனக்குப் பதிலாப் போனீங்க? நான் எங்க போயிருந்தேன்?”

“இவங்களக் கேளு.” பத்துமலை நல்லம்மாளைக் காட்டினார்.

நல்லம்மாள் வாயில் கையை வைத்தார். “ஐயோ மாரி. அந்த நாளா? நான் வயித்து வலின்னு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குனேனே. உன்னைய ஈப்போவுக்குக் கூட்டிப் போனேனே. மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புறதுக்கு ஸ்டூடியோவுல படம் எடுக்க. தனியாப் போகப் பயமா இருக்குன்னு.”

“ஏண்டி நல்லா,” என்றார் மாரியம்மா. “தோட்டத்துக்கு ஒருத்தர் சும்மாவே வந்து படம் எடுக்குற அன்னைக்கு, நாம பஸ் ஏறிப் போயி படம் எடுத்தோமா?”

“பிளாஸ்டிக் ரோசாவப் புடிச்சுக்கிட்டு.”

“நீ கண்ண மூடிட்டேன்னு ரெண்டாவது தடவ எடுத்தான்.”

“ரெண்டாவது தடவ நீ மூடிட்ட.”

அதற்கப்புறம் அவர்கள் பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. காதைக் குறை சொல்ல மாட்டேன், இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வார்த்தை எதுவும் மிஞ்சவில்லை. ‘சம்பந்தியம்மா’ எங்கோ காணாமல் போயிருந்தாள். ஷர்மினி அப்பாவின் மச்சத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே போய் தட்டுகளுக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். வாழைப்பழத்தில் இரண்டைச் சாப்பிட்டேன். யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

மறுபடி மேலே போனபோது, மேடையில் மாலையோடு லூர்துசாமி நின்றிருந்தார். எதிரே, பாதித் தலையில் துண்டோடு பத்துமலை. கூட்டம் கைதட்டக் காத்திருந்தது. லூர்துசாமி படத்துக்கு அடியில் இருந்த அட்டையில் ‘பெண்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘பெயர் தெரியாத’ என்பதில் வந்து நின்றார். ஒலிபெருக்கி அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை.

“இப்பவாவது சொல்லு தங்கச்சி,” என்றார். “உன் பேரு என்ன?”

ஷர்மினியின் அப்பா வாயைத் திறந்தார். இந்த முறை ஓடவில்லை.

“பத்துமலை சார்,” என்றார், லாரி கிளம்புகிற மாதிரி ஒரு குரலில். “கிளன்மோர் தோட்டம், மாரியம்மா நிரை.”